ஏடா லவ்லேஸ் அம்மையார்

கல்வி ஓர் ஊருணி போன்றது. அதன் நீர் ஊரார் அனைவர்க்கும் பொது. ஆயினும், இறங்கும் படித்துறை ஒரு சிலர்க்கே உரியது என்று வரையறுத்துவிட்டால், நீர் கரை தளும்ப நிற்கும்போதே ஊரிற் பாதிப் பேர் நாவறண்டு நிற்பர். உலக நாடுகள் பலவற்றிலும் கல்வி நெடுங்காலம் இவ்வாறே காவல் காக்கப்பட்டது. பெண்டிர்க்கு இது வேண்டா, எளியவர்க்கு அது வேண்டா என்று எழுதாச் சட்டங்கள் பல இருந்தன. அவற்றுள்ளும் கணிதமும் பொறிக்கலையும் ஆடவர்க்கே உரியன என்னும் எண்ணம் ஆழ வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணம் வலுப்பெற்றிருந்த காலத்திலே, கணிதத்தையும் பொறியின் இயல்பையும் ஒருங்கே கற்று, பின்னாளில் தோன்றவிருந்த கணிப்பொறிக்கு ஏவலிடும் முறையை முதன்முதல் விரிவாக அச்சில் விளக்கிய பெருமாட்டி ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அவரே ஏடா லவ்லேஸ் அம்மையார்.

ஏடா 1815-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பைரன் பிரபு. ஆங்கில மொழியின் பெருங்கவிஞருள் ஒருவர். தாயார் ஆனபெல்லா அம்மையார்; செல்வக் குடியிற் பிறந்தவர்; கணிதத்தில் பெருவிருப்பம் உடையவர். கவிதையும் கணிதமும் கைகோத்த அவ்வில்லறம் ஓராண்டே நிலைத்தது. குழந்தை பிறந்து ஐந்து கிழமைகள் ஆன அளவில், தாயார் மகவை ஏந்தித் தம் பெற்றோர் இல்லம் சென்றார். 1816-ஆம் ஆண்டு ஏப்ரலில் பைரன் இங்கிலாந்தை விட்டு வெளியேறினார். மீண்டும் உயிரோடு திரும்பினாரல்லர். 1824-ஆம் ஆண்டு கிரேக்க நாட்டில் அவர் தம் 36-ஆம் அகவையில் உயிர் நீத்தபோது, ஏடாவுக்கு வயது எட்டு. நாடெல்லாம் பாடிப் போற்றிய தந்தையின் முகத்தை, அவர் பெற்ற மகள் நினைவறிந்து கண்டதில்லை.

கணவரின் கட்டுக்கடங்கா மனப்போக்கு மகளையும் பற்றிவிடுமோ என்று ஆனபெல்லா அம்மையார் அஞ்சினார். தந்தையின் உருவப்படத்தையும் பல ஆண்டுகள் மகளின் கண்ணிற் படாதவாறு மறைத்து வைத்தார். கற்பனையை அடக்கி அறிவை ஒழுங்குபடுத்த வல்லது கணிதமே என்பது அவர் கொண்ட துணிபு. ஆதலின், ஆசிரியர்களை இல்லத்திற்கே வருவித்து, எண்ணும் வடிவியலும் மொழிகளும் மகளுக்குக் கற்பித்தார். அந்நாளில் உயர்குடிப் பெண்கள் பெற்ற கல்வி, பெரும்பாலும் இசை, தையல், ஓவியம், நல்லொழுக்கம் என்னும் அளவில் நின்றது. ஏடா அதனின் வேறான கல்வி பெற்றது, பெண்ணும் கணிதம் கற்கத் தக்கவளே என்று சமுதாயம் ஒப்புக்கொண்டமையால் அன்று. தாயார் உள்ளத்தில் எழுந்த அச்சத்தால் ஆகும். ஆயினும், மருந்தாகத் தந்தது அவருக்கு விருந்தாயிற்று.

பன்னிரண்டாம் அகவையில், பறவைபோல் வானிற் பறக்க வேண்டும் என்னும் அவா ஏடாவின் உள்ளத்தில் எழுந்தது. சிறுமியரின் வீண்கனவாக அது கழிந்துவிடவில்லை. பறவைகளின் உடலமைப்பை அவர் ஆராய்ந்தார். உடலுக்கும் சிறகுக்கும் உள்ள அளவுப் பொருத்தத்தைக் கணக்கிட முயன்றார். சிறகு செய்தற்கு எப்பொருள் ஏற்றது என்று எண்ணிப் பார்த்தார். நீராவியால் இயங்கும் பறக்கும் குதிரை ஒன்றையும் மனத்தில் உருவாக்கினார். இவற்றையெல்லாம் தொகுத்து நூலாக எழுதவும் திட்டமிட்டார். தாயார் அணையிட்டுத் தடுக்க எண்ணிய கற்பனை, கணிதத்தோடு கலந்து புதிய வாய்க்கால் வழியே பாயத் தொடங்கியது.

1829-ஆம் ஆண்டு தட்டம்மை நோய் ஏடாவைத் தாக்கியது. கால்கள் செயலிழந்தன. நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். பின்னர் ஊன்றுகோலின் துணைகொண்டே நடந்தார். உடல் படுக்கையில் இருந்தபோதும் உள்ளம் ஓய்ந்திருக்கவில்லை. அக்காலத்தும் அவர் படிப்பு விடாது நடந்தது.

1833-ஆம் ஆண்டு சூன் திங்களில், தம் பதினேழாம் அகவையில், ஏடா ஒரு விருந்திற் சார்லஸ் பாபேஜ் என்னும் கணிதப் பேரறிஞரைச் சந்தித்தார். அவருக்கு அப்போது வயது 41. கடலோடிகளும் வானநூலாரும் பயன்படுத்திய கணக்கு அட்டவணைகளை அந்நாளில் மனிதர் கையாற் கணித்தனர். அவற்றிற் பிழைகள் மலிந்திருந்தன. கணக்கிற் பிழை நேர்ந்தால் நடுக்கடலிற் கப்பல் வழி தவறும். இக்குறையைப் போக்க, பற்சக்கரங்களால் இயங்கும் கணக்குப்பொறி ஒன்றைப் பாபேஜ் அமைத்துவந்தார். அதற்கு வேற்றுமைப் பொறி என்று பெயர்.

அப்பொறியின் அடிப்படை எளியது. 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்க எண்களை நோக்குக. அடுத்தடுத்த எண்களின் வேற்றுமை 3, 5, 7, 9 என வரும். அவ்வேற்றுமைகளின் வேற்றுமையோ எங்கும் 2 என்றே நிற்கும். ஆகவே, கூட்டல் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து வர்க்க எண்கள் அனைத்தையும் பெறலாம், பெருக்கல் வேண்டுவதில்லை. சக்கரங்களுக்குக் கூட்டலைக் கற்பித்தல் இயலும் என்பதே பாபேஜ் கண்ட நுட்பம். பொறியின் ஒரு சிறு பகுதி 1832-ஆம் ஆண்டில் முடிந்திருந்தது. பாபேஜின் இல்லத்திற்கு வந்த சீமான்களும் சீமாட்டிகளும் அதனை வேடிக்கைப் பொருளாகக் கண்டு வியந்தனர். ஏடாவோ அதன் சக்கரங்கள் இயங்கும் முறையை நுணுகி நோக்கி, அதன் உட்பொருளை உணர முற்பட்டார். அதன் வரைபடங்களைக் கேட்டுப் பெற்றுப் பயின்றார். அன்று தொடங்கிய நட்பு அவர் வாழ்நாள் முழுதும் நிலைத்தது.

இக்காலத்தில் ஏடாவுக்கு வழிகாட்டியாக அமைந்த மற்றொருவர் மேரி சோமர்வில் அம்மையார். அவர் 1780-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்திற் பிறந்தவர். இளமையில் அவர் இரவு நேரத்திற் கணிதம் படிப்பதைக் கண்ட பெற்றோர், பெண்ணின் உடல்நலம் கெடும் என்று அஞ்சி, மெழுகுவத்திகளை அகற்றிவிட்டனர். அவரோ விளக்கில்லா இருளிலே, படித்த கணக்குகளை நினைவிற் கொண்டு மனத்தாலே தீர்த்துப் பழகினார். பின்னாளில், வானிற் கோள்கள் இயங்கும் முறை பற்றி லாப்லாஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இயற்றிய அரிய நூலை ஆங்கிலத்தில் விளக்கி 1831-இல் வெளியிட்டார். அந்நூல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்கப்பெற்றது. ஆனால், அதனை எழுதிய அம்மையாரோ, அவருடைய பெண்மக்களோ அப்பல்கலைக்கழகத்தில் மாணவராய்ச் சேர இயலாது. நூல் நுழைந்த வாயிலில் நூலாசிரியர் நுழைதற்கு உரிமை இல்லை! இத்தகைய ஒருவர் கணக்கும் கற்பித்துத் துணிவும் ஊட்டியமை ஏடாவுக்கு வாய்த்த பெரும்பேறாகும். முன்னே ஒருவர் நடந்து சென்ற தடம் கண்ணிற் பட்டால், பின்னே வருவார்க்குக் காடும் வழியாகும்.

1835-ஆம் ஆண்டு ஏடா வில்லியம் கிங் என்பாரை மணந்தார். 1838-இல் அவருக்கு லவ்லேஸ் பிரபு என்னும் பட்டம் கிடைத்தது. அதனால் ஏடாவும் லவ்லேஸ் சீமாட்டி என வழங்கப்பெற்றார். 1836-க்கும் 1839-க்கும் இடையே மூன்று மக்கள் பிறந்தனர். வீட்டுப் பொறுப்பும் மக்கள் வளர்ப்பும் உடல் நோயும் ஒருங்கே சூழ்ந்தன. எனினும், உயர்கணிதம் கற்க வேண்டும் என்னும் வேட்கை அவருள்ளத்தில் தணியவில்லை. ஆனால், யாண்டுச் சென்று கற்பது? இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களுள் ஒன்றேனும் மகளிர்க்குப் பட்டம் அளிக்க அந்நாளில் முன்வரவில்லை. அறிவியலார் கூடிய அரசக் கழகமும் மகளிரை உறுப்பினராக ஏற்றதில்லை. அதனால், கற்பிக்க ஒருவரைத் தேடிக் கடிதத்தின் வாயிலாகக் கற்பதே ஏடாவுக்கு எஞ்சிய வழியாயிற்று.

அவ்வாறு 1840-ஆம் ஆண்டு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் அகஸ்டஸ் டி மார்கன். இவர் நம் மதுரை மாநகரிற் பிறந்தவர் என்பது நாம் அறிந்து மகிழ்தற்குரியது. இவர் 1806-ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கும்பினியின் படையிற் பணியாற்றியவர். பிறந்த சிறிது காலத்திலே டி மார்கன் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ஏழாம் திங்களிற் பெற்றோருடன் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜிற் கல்வி பயின்று கணிதத்திற் சிறந்து விளங்கினார். எனினும், சமயம் பற்றிய உறுதிமொழியில் ஒப்பமிட அவர் மனச்சான்று இடந்தரவில்லை. ஆதலின் அங்கே மேற்பட்டமும் பதவியும் அவருக்குக் கிட்டவில்லை. சமய வேறுபாடு பாராது 1826-இல் நிறுவப்பெற்ற இலண்டன் கல்லூரியே 1828-இல் அவரைக் கணிதப் பேராசிரியராக ஏற்றது.

ஏடா தம் ஐயங்களைக் கடிதத்தில் எழுதுவார்; டி மார்கன் விடை எழுதி அனுப்புவார். நுண்கணிதத்தின் தொடக்கத்திலிருந்தே இக்கல்வி நடந்தது. எளிய கணக்குகளிலும் ஏடா சிற்சில வேளைகளில் இடறினார். வகுப்பறையில் ஆசிரியரின் அருகமர்ந்து அன்றாடம் கற்கும் மாணவன் ஒரு நாழிகையிற் பெறும் தெளிவை, அவர் கடிதம் போய்வரும் நாள்வரை காத்திருந்து பெற வேண்டியிருந்தது. ஆனால், விடை வந்ததும் விட்டுவிடுவார் அல்லர். ஏன், எங்ஙனம் என்று மேலும் வினவுவார். ஒரு வாய்பாடு நொடிப்பொழுதில் வேறொரு வடிவம் கொள்வதைக் கண்டு, கதைகளில் வரும் மாயக்குறளிகளை அதற்கு உவமையாக எழுதினார். தமக்கு எது விளங்கவில்லை என்று ஒளியாமற் சொல்வதே மாணவர்க்கு அழகு. அவ்வழகு அவரிடம் நிரம்ப இருந்தது.

இதற்கிடையில், பாபேஜின் எண்ணம் வேறொரு பொறியின்பாற் சென்றது. அரசாங்கம் 17,000 பவுனுக்கு மேற் செலவிட்டும் வேற்றுமைப் பொறி முற்றுப்பெறவில்லை. 1834 முதல் அவர் பகுப்புப் பொறி என்னும் புதிய பொறியை வகுக்கலானார். முன்னையது ஒருவகைக் கணக்கே செய்யும். பின்னையதோ ஏவியவாறெல்லாம் பலவகைக் கணக்கும் செய்யும். எண்களை இருத்தி வைக்க ஒரு சேமிப்பறையும், எண்களைக் கொண்டு கணக்கிட ஓர் ஆலையும் அதில் அமைந்தன. ஏவலை அப்பொறிக்கு அறிவிப்பன துளையிட்ட அட்டைகள்.

அட்டையால் ஏவலிடும் இம்முறை நெசவுத் தொழிலிலிருந்து வந்தது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர், 1804-ஆம் ஆண்டில், அட்டைகளால் இயங்கும் தறியமைப்பை உருவாக்கினார். அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும். துளையில்லா இடத்திற் புகாது. அதற்கேற்பப் பாவின் இழைகள் எழும், தாழும். இடையே ஊடை ஓடும். பூவும் கொடியும் துணியில் மலரும். நம் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளின்மேல் இன்று காணப்படும் ஜக்கார்டு பெட்டியும் இவ்வகையைச் சார்ந்ததே. 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றைப் பாபேஜ் தம்மிடம் வைத்திருந்தார். ஏடாவும் 1834-ஆம் ஆண்டு தாயாருடன் இங்கிலாந்தின் தொழில் நகரங்களைச் சுற்றிப் பார்த்தபோது இத்தகைய தறிகளைக் கண்டிருந்தார்.

1840-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு டூரின் நகரிற் பாபேஜ் தம் பொறியைப் பற்றி விரிவுரையாற்றினார். அதனைக் கேட்ட மெனாபிரியா என்னும் படைப் பொறியாளர், பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதி 1842-இல் ஜெனீவாவில் வெளியிட்டார். அக்கட்டுரையை ஏடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதனைக் கண்ட பாபேஜ், இத்துணை நன்கு அறிந்த பொருளைப் பற்றித் தாமே ஒரு கட்டுரை ஏன் எழுதவில்லை என்று வினவினார். அவ்வெண்ணம் தமக்கு எழவே இல்லை என்றார் அம்மையார். பெண் ஒருத்தி பிறர் எழுதியதைப் பெயர்க்கலாம்; தானே எழுதலாகாது என்னும் வழக்கம் அத்துணை அறிவுடையாரையும் அறியாமலே கட்டிப்போட்டிருந்தது! பாபேஜ் தூண்டவே, மொழிபெயர்ப்போடு தம் குறிப்புகளையும் சேர்க்க அம்மையார் இசைந்தார்.

1843-ஆம் ஆண்டின் கோடைத் திங்கள்களில் அக்குறிப்புகளை அவர் அல்லும் பகலும் உழைத்து எழுதினார். கடிதங்கள் இருவருக்கும் இடையே இடையறாது சென்று வந்தன. குறிப்புகள் ஏழு, மூலக் கட்டுரையின் அளவைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டவை. அவற்றுள் இறுதிக் குறிப்பே மிகப் புகழ் வாய்ந்தது. பெர்னூலி எண்கள் என்னும் கணித எண்வரிசையை, மனிதர் முன்கூட்டிக் கணித்துத் தாராமல், பொறி தானே கணிப்பது எவ்வாறு என்று அதில் விளக்கினார். எந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது, அதனை என் செய்வது, விளைவை எங்கே வைப்பது, எப்படிகளைத் திரும்பச் செய்வது என்று 25 படிகளாக ஓர் அட்டவணை வகுத்தார். இன்று நிரல் என்று நாம் வழங்குவது இத்தகைய ஏவல் வரிசையையே. அதற்குரிய இயற்கணிதப் பகுதியை அம்மையாரின் உழைப்பைக் குறைக்கும் பொருட்டுப் பாபேஜ் செய்தளித்தார். அதிற் பெரும்பிழை ஒன்று இருந்ததை அம்மையார் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். இதனைப் பாபேஜே 1864-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் மறையாது குறித்துள்ளார்.

குறிப்புகளின் பெருமை கணக்கோடு முடியவில்லை. பொறி கையாள்வது எண் என்னும் அடையாளத்தையே. அவ்வடையாளம் எப்பொருளையும் குறிக்கலாம் என்று அம்மையார் உணர்ந்தார். இசையின் சுரங்களுக்குள்ள உறவை விதிகளாக வகுத்துவிட்டால், பொறி பண்ணும் இயற்றக் கூடும் என்று எழுதினார். தறி பூக்களை நெய்வதுபோல் இப்பொறி இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்றும் உவமை கூறினார். அதே வேளையில், பொறி தானாக எதனையும் தோற்றுவிக்காது, ஏவும் முறையை நாம் அறிந்தவற்றையே அது செய்யும் என்று எல்லையும் வரைந்தார். நூறாண்டுகளுக்குப் பின், 1950-இல், ஆலன் டூரிங் என்னும் கணிதப் பேரறிஞர், பொறியாற் சிந்திக்க இயலுமா என்று ஆராய்ந்தபோது, லவ்லேஸ் சீமாட்டியின் இக்கருத்தை எடுத்துக்கொண்டு விடை கூற முற்பட்டார்.

கட்டுரை 1843-ஆம் ஆண்டு வெளிவந்தது. குறிப்புகளின் அடியில் எழுதியவரின் பெயர் இல்லை. ஏ. ஏ. எல். என்னும் மூன்று தலைப்பெழுத்துகளே காணப்பட்டன. உயர்குடிப் பெண்ணின் பெயர் அறிவியல் ஏட்டில் வெளிப்படையாக அச்சாவது அந்நாளின் வழக்கத்திற்கு ஒவ்வாததாயிருந்தது. அரசாங்கத்தைக் குறைகூறும் முன்னுரை ஒன்றைத் தம் பெயரின்றி இக்கட்டுரையோடு சேர்க்கப் பாபேஜ் விரும்பினார். பதிப்பாசிரியர்கள் மறுக்கவே, கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு அம்மையாரை வற்புறுத்தினார். அம்மையார் இசையவில்லை. ஆசானைப் போன்றவரிடத்தும் நேர்மை தவறாது மறுத்துரைக்கும் திண்மை அவரிடம் இருந்தது. பிணக்கு விரைவில் தீர்ந்தது, நட்பு நிலைத்தது.

மறு ஆண்டின் தொடக்கத்தில் டி மார்கன், ஏடாவின் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜிற் புகும் இளைஞன் ஒருவன் இத்தகைய ஆற்றல் காட்டினால், அவன் புதியன காணும் கணித அறிஞனாக, ஒருகால் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவனாகவும் வருவான் என்பது அவர் மதிப்பீடு. ஆயினும், கணிதத்தின் கடுஞ்சுமையைத் தாங்கும் வலிமை பெண்ணுடலுக்கு இல்லை என்றும், ஏடா இவ்வழியில் ஆழ்ந்து செல்வது தீங்காகலாம் என்றும் அஞ்சினார். அக்கருத்தைத் தம் மாணவியிடம் அவர் நேரிற் சொல்லவில்லை. சமயத்தின் பெயரால் தமக்கு ஒரு கதவு அடைபட்டதைக் கண்டு வருந்தியவர், பெண்மையின் பெயரால் அடைபட்ட கதவை இயற்கையே அமைத்தது என எண்ணினார். நல்லாரையும் காலத்தின் கருத்து கட்டுண்ணச் செய்யும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஏடாவின் பிற்கால வாழ்வு இன்பமாக அமையவில்லை. நோய் இடைவிடாது வருத்தியது. ஆற்றலைச் செலுத்துதற்கு ஏற்ற பணியோ பதவியோ அவர்க்குக் கிடைக்கவில்லை. குதிரைப் பந்தயத்தில் ஈடுபட்டுப் பெரும்பொருள் இழந்தார். அணிகலன்களையும் அடகு வைத்தார். பெரியோர் வாழ்விலும் இத்தகைய குறைகள் நேர்தல் உண்டு. அவற்றை மறைத்தல் வரலாறாகாது. கருப்பைப் புற்றுநோயால் துன்புற்று, 1852-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 36. தந்தை இறந்தபோதிருந்த அதே அகவை. அவர் விரும்பியவாறே, ஹக்னல் என்னும் ஊரிலுள்ள தேவாலயத்தில் தந்தையின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். வாழ்விற் கூடாத தந்தையும் மகளும் மண்ணிற் கூடினர்.

பகுப்புப் பொறி செய்து முடிக்கப்படவே இல்லை. அதனோடு அம்மையாரின் குறிப்புகளும் மறதியில் ஆழ்ந்தன. மின்னணுக் கணிப்பொறிகள் தோன்றிய பின், 1953-ஆம் ஆண்டில் அக்குறிப்புகள் மீண்டும் அச்சேறின; அறிஞர் வியந்தனர். 1979-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன் பொருட்டு உருவாக்கிய நிரல் மொழிக்கு ஏடா என்று பெயரிட்டது. பாபேஜ் இதற்கு முன்னரே சில ஏவல் வரிசைகளை எழுதி வெளியிடாது வைத்திருந்தார் என்பதும், அம்மையாரின் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதும் உண்மையே. எனினும், கணக்கிடும் பொறி எண்ணையும் கடந்து பயன்படும் என்னும் உண்மையைத் தெளிவாகக் கண்டு எழுதியவர் அவர் என்பதை மறுப்பார் இலர்.

அம்மையார் மறைந்த பின்னரும் கதவுகள் மெல்ல மெல்லவே திறந்தன. அரசக் கழகம் 1945-ஆம் ஆண்டில்தான் முதன்முதல் மகளிரை உறுப்பினராக ஏற்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1948-இல் மகளிர்க்கு முழு உரிமையுள்ள பட்டம் வழங்கத் தொடங்கியது. 1946-இல் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி அமெரிக்காவில் உலகிற்குக் காட்டப்பெற்றது. அதற்கு ஏவல் அமைத்தவர் ஆறு மகளிர். ஆயினும் அவர்தம் பெயர் நெடுங்காலம் வெளியில் தெரியவில்லை. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கணிப்பொறியியலிற் பட்டம் பெற்றோருள் நூற்றுக்கு 37 பேர் பெண்களாக இருந்தனர். 2010 அளவிலோ அத்தொகை நூற்றுக்கு 18 என்று சுருங்கியது. இடைக்காலத்தில் பெண்களின் அறிவு குன்றிவிடவில்லை. வீட்டுக் கணிப்பொறிகள் ஆண்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டன. அவற்றிற் பழகி வந்தவர்க்கே ஏற்ற வகையிற் கல்லூரிப் பாடங்களும் தொடங்கின. இவையே பெருங்காரணம் என்பர். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1995-இல் அப்பாடத்திற் சேர்ந்தோருள் பெண்கள் நூற்றுக்கு 7 பேரே. முன்பயிற்சி இல்லாதாரும் தொடக்கத்திலிருந்து கற்குமாறு பாடமும் சேர்க்கை முறையும் மாற்றப்பட்டபின், 2000-இல் அத்தொகை 42 ஆயிற்று. படித்துறையைச் சற்று அகலமாக்கினால் நீர் முகப்போர் பெருகுவர் என்பதற்கு இது சான்றாகும்.

ஏடா லவ்லேஸ் அம்மையாரின் வாழ்வில் ஆழ்ந்து எண்ணத்தக்கது ஒன்றுண்டு. அவர்க்குச் செல்வம் இருந்தது. கணிதம் அறிந்த தாயார் இருந்தார். வழிகாட்டச் சோமர்வில் அம்மையாரும், கடிதம் எழுதி விளக்க டி மார்கனும் இருந்தனர். தடை செய்யாத கணவர் இருந்தார். இத்தனையும் ஒருங்கே வாய்த்தமையால் ஒருவர் கற்றார். 1833-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலைகளில் ஒன்பது வயதிற்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைத்தலாகாது என்று விதித்தது. ஒன்பது முதல் பதின்மூன்று வரை அகவையுடைய சிறாரோ நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உழைத்தனர். மறு ஆண்டு ஏடா தொழில் நகரங்களைக் கண்டு சென்றபோது, அறுந்த இழையை முடிந்துகொண்டு ஆலைகளில் நின்ற சிறுமியருள், அவரையொத்த அறிவுடையார் எத்துணைப் பேர் இருந்தனரோ! அவர்க்குக் கடிதம் எழுத ஆசிரியர் எவரும் இல்லை. எழுதியிருந்தாலும் படிக்க எழுத்தறிவு இல்லை. அவர்தம் அறிவெல்லாம் குடத்துள் இட்ட விளக்காய் அவிந்தது.

அறிவு ஆண் என்றும் பெண் என்றும், செல்வர் என்றும் வறியர் என்றும், ஊர் என்றும் சேரி என்றும் பார்த்துப் பிறப்பதில்லை. அது பிறக்கும் இடத்தை நாம் வகுத்தல் இயலாது. வளரும் இடத்தை அமைத்தல் இயலும். கணிப்பொறிக் கல்வி பயிலும் அறையில் ஒதுங்கி நிற்கும் ஒருவரை அருகழைத்து இடந்தருதலும், ஐயம் கேட்பாரை எள்ளி நகையாடாது விடையளித்தலும், கற்றதைக் கல்லாத ஒருவர்க்குக் கற்பித்தலும் மாணவர் எவரும் இன்றே செய்யத்தக்க அறங்களாம். ஒருவர்க்கு அருமையாய்க் கிடைத்த வாய்ப்பை அனைவர்க்கும் எளிமையாய்க் கிடைக்கச் செய்தலே அம்மையாரைப் போற்றும் முறையாகும்.